இடது இறக்கையின் ஆறு அறைகள்

கெம்ப் என்னிடம் கேட்டது ஒரு மொழிபெயர்ப்பு மட்டுந்தான். வியாழக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னேன். சொன்ன இடம் குறொய்டனுக்குத் தெற்கே ஒரு புல்வெளி ஓரத்துத் தகரக் கொட்டகை. 1989ஆம் ஆண்டு, செப்டெம்பரில் ஒரு ஞாயிறு.

கொட்டகைக்குள் நின்றது என் தகப்பனார் வைத்தியநாதர் வேலை செய்த விமானம். லண்டனிலிருந்து கேப்டவுன் வரை நிற்காமல் பறக்கும் போட்டி ஒன்றுக்காக 1933இல் ஒரு சிறிய கம்பனி அதைக் கட்டியது. பரீட்சார்த்தமாகக் கட்டிய ஒன்றே ஒன்று. அதற்கு இணை இல்லை. உடல் ஒல்லி. இறக்கை மட்டும் அளவுக்கு மீறிய நீளம், முழுவதும் மரம். விமானிக்கு முன்னால் பெரிய பெற்றோல் தாங்கி ஒன்றை வைத்துவிட்டார்கள். அதனால் நேராகப் பார்க்க வழியில்லை. இரண்டு பக்கமும் உள்ள சிறு சாளரங்களால்தான் வெளியே பார்க்க வேண்டும். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில் கம்பனி மூடப்பட்டது. ஒரு தடவைகூடத் தரையை விட்டு எழும்பாமலே விமானம் பண்ணை ஒன்றின் வைக்கோலுக்கு நடுவே ஐம்பத்தைந்து வருடம் கிடந்தது.

அப்பா அந்தக் கம்பனியில் இறக்கைப் பரிசோதகர். ஒவ்வொரு பக்க இறக்கையும் உள்ளே இருபத்திரண்டு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஓர் அறையைப் பாலின் திரளிலிருந்து செய்யும் பால் பசை போட்டு ஒட்டியதும், மேற்பலகையை மூடுவதற்கு முன்னர், பரிசோதகர் கையை உள்ளே விட்டுப் பசை ஓடிய கோடு முழுவதையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். இடைவெளி இருந்தால் கண்ணுக்குத் தப்பும், விரலுக்குத் தப்பாது. பிறகு தாளில் கையொப்பம். மூடிய பின் அதை எவரும் பார்க்க முடியாது.

“மற்ற அறைகளையெல்லாம் திறந்து புதிதாக ஒட்டிவிட்டோம்,” என்றார் கெம்ப். பண்ணையிலிருந்து விமானத்தை மீட்டுப் புதுப்பித்தவர், எழுபதை நெருங்கிய மனிதர், மேலங்கி முழுவதும் மரத்தூள். “இடது பக்கம் ஒன்பது முதல் பதினான்கு வரை திறக்கவில்லை. அவற்றைத் திறந்தால் இறக்கையைத் தாங்கும் முதன்மை விட்டத்தையே அறுக்க வேண்டும், பிறகு அது பறக்க உதவாது. மண்மூட்டை அடுக்கிப் பாரம் சோதித்தோம், தாங்கியது. கம்பனித் தாளில் ஆறுக்கும் உங்கள் தகப்பனாரின் கையொப்பம் இருக்கிறது. அவருடைய சொந்தக் குறிப்பும் அதையே சொன்னால், ஒரே ஒரு தடவை பறக்க அனுமதி கிடைக்கும். இரண்டு மாடி உயரத்தில், இந்த வெளியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு.”

பறக்கப் போகிறவர் அவருடைய மகள் ஜூடித். சனிக்கிழமை.

அதே சனிக்கிழமை விமானத்தின் அருகே அப்பாவின் பெயர் பொறித்த பித்தளைத் தகடு ஒன்றும் திறந்து வைக்கப்பட இருந்தது. அதைக் கேட்டு வாங்கியவன் நான். உள்ளூர்ப் பத்திரிகையில் விமானத்தின் படத்தைப் பார்த்து, கெம்புக்கு முதற்கடிதம் எழுதியவனும் நானே. அப்பாவின் குறிப்புக் கொப்பி என்னிடம் இருக்கிறது என்று அந்தக் கடிதத்தில் பெருமையாக எழுதியிருந்தேன்.

கம்பனி மூடியதும் ஊர் திரும்பிய அப்பா கையோடு கொண்டுவந்த கொப்பியை 1962இல் நான் யாழ்ப்பாணத்திலிருந்து ட்ரங்குப் பெட்டியில் கொண்டுவந்தேன். தோர்ண்டன் ஹீத் வீட்டில் அது சாமிப் படங்களுக்குக் கீழே, பட்டுத்துணியில் சுற்றியபடி இருந்தது. நாங்கள் கும்பிட்ட பொருள் அது. பென்சிலில் பொடிப்பொடியாக எழுதிய தமிழை நான் முழுதாக வாசித்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். எதிரே என் மனைவி கமலாம்பிகை அகராதியோடு இருந்தாள். ஊரில் பத்து வருடம் ஆங்கிலம் படிப்பித்தவள். நான் தமிழை வாசிக்க, அவள் ஆங்கிலத்தில் எழுத, செவ்வாய் மத்தியானம் வரை வேலை சுகமாக ஓடியது. “வலது 4. கை வைத்துப் பார்த்தேன். நன்று.” “வலது 5. கை வைத்துப் பார்த்தேன். ஓரிடத்தில் இடைவெளி. திருப்பி ஒட்டச் சொன்னேன்.” அப்பா எத்தனை கறாரானவர் என்று நடுநடுவே கமலாம்பிகைக்குச் சொல்லிக்கொண்டேன்.

பிறகு அந்தப் பக்கம் வந்தது.

“கந்தசஷ்டி இரண்டாம் நாள். பால் பசை முடிந்துவிட்டது. ஃபோர்மன் எலும்புப் பசை காய்ச்சச் சொன்னான். மாட்டெலும்பும் தோலும். விரதத்தில் அதற்குள் கை வைக்க மனம் வரவில்லை. இடது 9, 10. விளக்குப் பிடித்துப் பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது. கையொப்பமிட்டேன்.”

மூன்றாம் நாள் பதினொன்றும் பன்னிரண்டும். நான்காம் நாள் பதின்மூன்றும் பதினான்கும். அதன் பிறகு: “பால் பசை வந்துவிட்டது. 15இலிருந்து கை வைத்துப் பார்க்கிறேன். முந்திய ஆறையும் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். மூடிவிட்டார்கள். முருகன் துணை.”

கமலாம்பிகை பேனையைக் கீழே வைத்தாள்.

“இதைக் கெம்புக்குச் சொல்லவேணும்.”

“இருக்கட்டும்.”

“என்னத்தை இருக்கட்டும்? சனிக்கிழமை அந்தப் பிள்ளை ஏறப்போறாள்.”

“மண்மூட்டை அடுக்கிப் பாத்தவங்கள். தாங்கினது எண்டு கெம்ப் சொன்னவர்.”

“அது அசையாமல் நிண்டு தாங்கினது. எலும்புப் பசை ஈரத்துக்கு விட்டுப்போம். எங்கட பள்ளிக்கூடத்து மேசை கதிரையெல்லாம் மாரியிலை கழண்டது எனக்குத் தெரியும். இது ஐம்பத்தைஞ்சு மாரி கண்டது.”

“சஷ்டி விரதம் பிடிச்ச மனிசன் பொய்க் கையெழுத்து வைச்சவர் எண்டு வெள்ளைக்காரனிட்டை நான் எழுதிக் குடுக்கிறதோ?”

“பொய் எண்டு நான் சொல்லேல்லை. நீங்கள்தான் சொல்லுறியள்.”

எங்கள் குடும்பத்தில் அந்த விரதம் சாதாரண செய்தி அல்ல. லண்டன் குளிரில், பட்டறையில் நாள் முழுக்க நின்று, ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் காத்த வைத்தியநாதர் என்றுதான் ஊரில் அவரைச் சொல்வார்கள். ஒவ்வொரு சஷ்டிக்கும் கோயில் மண்டபத்தில் அந்தக் கதையைச் சொல்வது என் வழக்கம். அந்தப் பெயருக்காகவே எங்கள் வீட்டுக்குச் சம்பந்தம் தேடி வந்தவர்கள் உண்டு.

அன்று பின்னேரம் குட்மேய்ஸிலிருந்து தங்கை பாலாம்பிகை தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“அண்ணை, வாடகைக்கு வான் பிடிச்சாச்சு. இருபத்துமூண்டு பேர். தியாகராஜா வீட்டாரும் வருகினம்.”

தியாகராஜா, பாலாம்பிகையின் மகளுக்குப் பேசிக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் தகப்பன். தைமாதம் கல்யாணத்தை வைக்கலாம் என்று இருந்தார்கள், இன்னும் ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டுக் கைநனைத்து முற்றாக்கவில்லை.

“பாலா, கொப்பியிலை ஒரு விசயம் கிடக்கு.”

“என்ன விசயம்?”

“அந்த விரத நாளிலை அப்பா…”

“ஓமோம், அதைத்தான் நீங்கள் சனிக்கிழமை சொல்லவேணும். தியாகராஜா அண்ணை அந்தக் கதையைக் கேக்கவேணுமெண்டு நிக்கிறார். நல்ல குடும்பத்திலைதான் கைவைச்சிருக்கிறம் எண்டு அவர் சொன்னவராம். நீங்கள் வேறை ஒண்டையும் கிண்டாதேங்கோ, அண்ணை. வடைக்கு நான் உழுந்து வாங்கி வைச்சிட்டன்.”

புதன்கிழமை தனியே தட்டச்சு யந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். “இடது 9, 10, 11, 12, 13, 14. பார்த்தேன். நன்றாகவே தெரிகிறது. கையொப்பமிட்டேன்.” இதில் ஒரு சொல்கூட என்னுடையது அல்ல. எல்லாம் அப்பா எழுதியவை. இடையில் இருந்தவற்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை ஜூடித் ரயிலில் வந்து இறங்கித் தானே வீட்டுக்கு நடந்து வந்தாள். முப்பத்திரண்டு வயதிருக்கும். முன்னறையில் உட்கார்ந்து, கோப்பைத் தேநீரை ஆறவிட்டு, நான் கொடுத்த தாள்களை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாள். ஒன்பதாம் அறை வந்ததும் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

“மற்ற எல்லா அறைகளுக்கும் ‘கை வைத்துப் பார்த்தேன்’ என்று இருக்கிறது. இந்த ஆறுக்கும் வெறும் ‘பார்த்தேன்’ என்று இருக்கிறதே?”

“அவசரமாக எழுதியிருப்பார். போட்டி நெருங்கிவிட்டது.”

“மூலத்தைப் பார்க்கலாமா?”

கொப்பியைக் காட்டினேன். தமிழ் தெரியாதவள், என்றாலும் எண்கள் தெரியும். 9 என்ற எண்ணைக் கண்டுபிடித்து, அந்தப் பக்கத்தையும் தட்டச்சுத் தாளையும் அருகருகே வைத்தாள்.

“உங்கள் தகப்பனார் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார். நீங்கள் இரண்டு வரி எழுதியிருக்கிறீர்கள்.”

“தமிழில் எல்லாவற்றையும் நீட்டித்தான் எழுதுவோம். மிச்சம் கோயில் விசயம். விமானத்துக்குச் சம்பந்தமில்லாதது.”

அவள் சிரித்தாள். “அப்படியானால் சரி. அந்த ஆறு அறைகளும் சரியாக என் இடது தோளுக்குப் பக்கத்தில் வருகின்றன. அதுதான் கேட்டேன்.”

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. ஜூடித் தாள்களை உறையில் போட்டு, நன்றி சொல்லி, படியிறங்கினாள்.

“கூப்பிடுங்கோ,” என்றாள் கமலாம்பிகை, என் பின்னால் நின்று. “இன்னும் சந்தி தாண்டேல்லை. கூப்பிடுங்கோ.”

நான் கதவைச் சாத்தினேன்.

“நான் ஓடிப்போய்ச் சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் நான் சொன்னால் அது உங்களைக் காட்டிக்குடுத்ததாப் போகும். அப்பாவின்ர பேர் உங்களிட்டை இருக்கு. நீங்கள்தான் சொல்லவேணும். சனிக்கிழமை வரைக்கும் வாய் திறவன். அவள் ஏறின பிறகும் நீங்கள் பேசாமல் நிண்டால், நான் உங்களைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டன்.”

வெள்ளிக்கிழமை முழுவதும் அவள் சோறு போட்டாள், தேநீர் தந்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் இரண்டு தடவை கெம்பின் இலக்கத்தைச் சுழற்றி, மணி அடிக்கும் முன் வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை நல்ல வெயில். காற்று இல்லை. மழை பெய்தால் எல்லாம் தள்ளிப்போகும் என்று விடியவே எழுந்து யன்னலைப் பார்த்தவன் நான்.

புல்வெளியில் எங்கள் சனம் சேலையும் கோட்டுமாகக் குவிந்து நின்றது. பாலாம்பிகை தட்டை நீட்டி எல்லாருக்கும் வடை கொடுத்தாள். தியாகராஜா சாம்பல் நிற சூட்டில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விமானத்தைச் சுற்றிப் பார்த்தார். “எவ்வளவு நீளச் செட்டை,” என்றார். “இதெல்லாம் உங்கட ஐயாவின்ர கையோ?”

“பரிசோதிச்சவர்,” என்றேன்.

ஜூடித் ஏறி உள்ளே உட்கார்ந்துவிட்டாள். பக்கச் சாளரத்தில் அவளுடைய காதும் கன்னமும் மட்டும் தெரிந்தன. எஞ்சின் ஒருமுறை இருமி, பிறகு பிடித்து ஓடத் தொடங்கியது. சூடாக ஐந்து நிமிடம் வேண்டும் என்றார் கெம்ப். அதற்குள் தகட்டைத் திறந்து நான் சில வார்த்தை பேசலாம். என்னைத் தகட்டருகே நிறுத்திவிட்டு அவர் இறக்கையின் நுனிப் பக்கம் போனார். கமலாம்பிகையும் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றாள். கைப்பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்திருந்தாள். காலையில் சாமியறையில் பட்டுத்துணி வெறுமையாகக் கிடந்ததைக் கண்டிருந்தேன். கொப்பி எங்கே இருக்கிறது என்று தெரிந்தது.

“அண்ணை, சஷ்டிக் கதை,” என்றாள் பாலாம்பிகை.

“ஓம், அதைக் கேக்கத்தானே வந்தனாங்கள்,” என்றார் தியாகராஜா.

எஞ்சின் சத்தத்துக்கு மேலாகக் குரலை உயர்த்தித் தமிழில் தொடங்கினேன். இருபது வருடமாகச் சொன்ன கதை. வாய் தானாகச் சொன்னது. பட்டறைக் குளிர். வெறும் வயிறு. முருகன் பெயர். வழக்கமாக முடிக்கும் இடம் வந்தபோது கமலாம்பிகையைப் பார்த்தேன். கைப்பையின் பூட்டை அவள் திறந்துவிட்டாள்.

நான் நிறுத்தவில்லை. “இரண்டாம் நாள் பால் பசை முடிந்துவிட்டது,” என்றேன். “மாட்டெலும்பிலும் தோலிலும் காய்ச்சிய பசையைக் கொண்டுவந்தார்கள். கையை உள்ளே விட்டுப் பார்ப்பது அவருடைய வேலை. விரத நாளில் அவர் அதில் கை வைக்கவில்லை. மூன்று நாளும், ஆறு அறைகளிலும், கை வைக்கவில்லை.”

“முருகா,” என்றார் முன்வரிசையில் ஒரு கிழவர். யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். பாலாம்பிகை கண்ணைத் துடைத்தாள். தியாகராஜா தன் மனைவி பக்கம் திரும்பி, நல்ல இடம் என்பது போலத் தலையசைத்தார்.

முழுவதையும் சொல்லிவிட்டேன், ஒருவருக்கும் ஒன்றும் போய்ச் சேரவில்லை. கைதட்டலைக் கேட்டுப் பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்து, சில்லுகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த கட்டைகளை ஒருவன் இழுத்து எடுத்தான்.

“கெம்ப்,” என்று ஆங்கிலத்தில் கத்தினேன். “நிறுத்துங்கள். அந்த ஆறையும் அவர் தொடவில்லை. பசையும் வேறு. எலும்புப் பசை.”

கெம்ப் காதுக்குப் பின்னால் கையை வைத்தார். நான் புல்லில் ஓடினேன். ஓடிக்கொண்டே திரும்பச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. விமானத்துக்கு முன்னால் பாய்ந்து இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக அசைத்தார். விமானம் நகரத் தொடங்கியிருந்தது. முன்னால் நின்றால் அவளுக்குத் தெரியாது என்பது அடுத்த கணம்தான் அவருக்கு நினைவு வந்தது. விலகி, பக்கமாக ஓடி, சாளரத்துக்குக் கீழே விமானத்தின் பக்கத்தைக் கைமுட்டியால் குத்தினார். விமானம் வேகம் எடுத்தது. அவர் ஒரு முறை விழுந்து எழும்பினார். மறுபடி குத்தினார். சாளரத்தில் ஜூடித்தின் முகம் திரும்பியது.

எஞ்சின் நின்றபோது விமானம் வெளியின் கால்வாசியைக் கடந்திருந்தது.

கெம்பின் ஆட்கள் அதைத் தள்ளிக் கொட்டகைக்குள் கொண்டுபோனார்கள். கெம்ப் வாளை எடுத்து, பதினோராம் அறையின் அடிப்பலகையையும் அதையொட்டிய விட்டத்தையும் சதுரமாக அறுத்தார். ஒரு மெல்லிய தகட்டுக் கத்தியை மூட்டுக்குள் விட்டார். அது தடையின்றிப் பிடிவரை போயிற்று. பசை பழுப்புத் தூளாக அவருடைய சட்டைக் கையில் கொட்டியது. பன்னிரண்டும் அப்படியே. ஒன்பது பிடித்தபடி இருந்தது. மிச்சத்தை அவர் அறுக்கவில்லை.

“வியாழக்கிழமை இது உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும்.”

“உங்கள் தகப்பனாருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பக்கத்தில் ஒரு ஃபோர்மன் நின்று அவசரப்படுத்தியிருப்பான். உங்களுக்கு அறுபது வயது. மேசையில் உட்கார்ந்து யோசிக்க நான்கு நாள் இருந்தது.”

வெளியே வந்தேன்.

நடந்தது என்ன என்று யாரோ சனத்துக்கு விளக்கியிருந்தார்கள். வான் வண்டி புறப்படத் தயாராக நின்றது. தியாகராஜா வந்து என் கையைப் பிடித்தார். உடனே விட்டார். அவர் மனைவி அதற்கு முன்பே வண்டியில் ஏறியிருந்தாள். பாலாம்பிகை வடைச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு என்முன் நின்றாள்.

“ஆரும் கேக்காத கேள்விக்கு ஏன் மறுமொழி சொன்னனீங்கள்?”

“கேட்டவள். வியாழக்கிழமை வீட்டை வந்து கேட்டவள்.”

“அப்ப வியாழக்கிழமையே ரகசியமாச் சொல்லியிருக்கலாமே. இருபத்துமூண்டு பேருக்கு முன்னாலையோ, அண்ணை?”

அவள் சொன்னது சரி. வியாழக்கிழமை சொல்லியிருந்தால் நான்கு பேரோடு முடிந்திருக்கும். அப்பாவின் பெயரைக் காக்கிறேன் என்று இரண்டு நாள் பொத்தி வைத்து, அதைப் புல்வெளியில் கொட்டியவன் நான். வண்டி போய்விட்டது.

கொட்டகைக்குள் ஜூடித்தின் குரல் கேட்டது. கொப்பி முழுவதும் வேண்டும். ஒவ்வொரு சொல்லும் வேண்டும். வேறு யாரையாவது கொண்டு மொழிபெயர்க்க வேண்டும் என்றாள். “நான் வாசிக்கிறேன்,” என்றாள் கமலாம்பிகை ஆங்கிலத்தில். கதிரை இழுக்கும் ஓசை. பிறகு அவள் முதல் பக்கத்திலிருந்து தொடங்கினாள். வகுப்பில் படிப்பிக்கும் அதே குரல், அவசரமில்லாமல். ஜூடித் எழுதிக்கொண்டு வந்தாள். நான் வாசலுக்கு வெளியே, தகரத்தில் முதுகைச் சாய்க்காமல் நின்று கேட்டேன். சஷ்டி வந்தது. மாட்டெலும்பு வந்தது. “முருகன் துணை” என்பதையும் அவள் விடவில்லை.

அதற்கு மேல் நான் வாசித்திராத பக்கங்கள். கம்பனி மூடுவதற்கு முந்திய வாரம். கமலாம்பிகையின் குரல் தடைப்பட்டது. ஒரு சொல்லை எழுத்துக் கூட்டினாள், விட்டாள், திரும்பக் கூட்டினாள்.

“இஞ்சாருங்கோ,” என்று கூப்பிட்டாள். “இது அழிஞ்சு கிடக்கு. எனக்கு விளங்கேல்லை. வாங்கோ.”

உள்ளே போனேன். கெம்ப் நிமிர்ந்து பார்க்கவில்லை. அறுத்த பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கமலாம்பிகையின் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தேன். “இன்று முதல் தடவையாக எஞ்சினைப் போட்டு ஓட்டினார்கள். இறக்கை ஆடுவதைப் பார்த்தேன்,” என்று இருந்தது. அதற்கு அடுத்த சொல்லின்மேல் பென்சில் பல தடவை போயிருந்தது. எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியிருந்தார்.

ஜூடித் பேனையைத் தாளில் ஊன்றியபடி என்னைப் பார்த்தாள்.

“பயமாயிருக்கிறது,” என்று வாசித்தேன். பிறகு அதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.